அந்தப் படத்தில் தங்கச்சி இல்லை

கொட்டகைப் பக்கமே போகாத எனக்கு அத்தனை படம் காட்டிய அஞ்சலை அக்காவுக்கு,

நீ போய் மூன்று மாதம் ஆகப்போகிறது. ஆடியில் உன்னைத் தூக்கிக்கொண்டு போனபோது ஆறு மணலாகக் கிடந்தது. இப்போது கரை தொட்டு ஓடுகிறது. உன் வீட்டுக்காரர், மாமா, நன்றாக இருக்கிறார். அதே இரைப்பு, அதே பிடிவாதம். இரண்டு வேளைச் சாப்பாடு என் வீட்டிலிருந்துதான் போகிறது. நேற்று ரசத்தில் உப்பில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

இதைச் சொல்லவா கடிதம் என்று நினைக்காதே. உன் மேல் எனக்கு அவ்வளவு ஆத்திரம், அக்கா. நேரில் நின்று கேட்க நீ இல்லை. அதனால் எழுதுகிறேன். எழுதி மூடி வைக்கப் போவதுமில்லை. படிக்கிறவர்கள் படித்துக்கொள்ளட்டும்.

என் கொழுந்தன் சேகர் மஸ்கட்டிலிருந்து லீவில் வந்திருக்கிறான். கூடவே டிவியில் படம் போட்டுப் பார்க்கிற ஒரு வீடியோ டெக்கும் வந்திருக்கிறது. குடவாசலில் கேசட் வாடகைக்குக் கிடைக்கிறதாம். “அண்ணி, ஒங்களுக்கு எந்தப் படம் வேணும்? பழசா இருந்தாலும் பரவால்ல, எடுத்துட்டு வரேன்” என்றான். நான் யோசிக்கவே இல்லை. மூன்று பெயர் சொன்னேன். “இதெல்லாம் பாத்த படமா?” என்று கேட்டான். “பாத்ததில்ல. ஆனா தெரியும்” என்றேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை.

அவனுக்கு எப்படிப் புரியும்? பண்ணை வீட்டுப் பெண்கள் வில்வண்டியில் டூரிங் கொட்டகைக்குப் போகும்போது கைக்குழந்தையைத் தூக்கிக்கொள்ள உன்னைக் கூட்டிப் போவார்கள். நீ மணலில் உட்கார்ந்து குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு பார்ப்பாய். அது அழுதால் எழுந்து வெளியே போய்விட வேண்டும். மறுநாள் காலையில் நடவு வயலில் இறங்கியதும் முதல் முடிச்சு நாற்றைப் பிரிக்கும்போதே படம் ஆரம்பித்துவிடும். பாட்டு வந்தால், “இங்க ஒரு பாட்டு. எல்லாரும் இடுப்ப நிமித்திக்கங்கடி” என்பாய். கஞ்சி வாளி வந்தால் இடைவேளை. வில்லன் வந்தால் எங்கள் கை தானாக வேகமாக ஓடும். அதனால் பண்ணைக் காரியக்காரர்கூட வரப்பில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாரே தவிர, வாயை மூடு என்று சொன்னதில்லை.

பார்க்காத படத்துக்கு நாம் போட்ட சண்டை கொஞ்சமா? இரண்டாம் பெண்டாட்டி மன்னித்தது சரியா தப்பா என்று சின்னப்பொண்ணுவும் நானும் மூன்று நாள் பேசாமல் இருந்தோம். நடுவில் நீ தீர்ப்புச் சொல்வாய். எங்களில் பார்த்தவள் நீ ஒருத்திதானே.

சரி, மூன்று படமும் பார்த்தேன். என் அபிப்பிராயத்தைக் கேள்.

முதல் படம் அந்த விதவைப் பெண்ணின் கதை. கடைசியில் அவள் வாத்தியாரைக் கட்டிக்கொண்டு ரயிலேறிப் போய்விட்டாள் என்று நீ சொன்னாய். ரயிலாவது ஒன்றாவது! விஷத்தைக் குடித்துச் செத்துப்போகிறாள், அக்கா. நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். வீட்டில் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த நேரத்தில் குழந்தை அழுதிருக்கும், நீ வெளியே போயிருப்பாய், முடிவை நீயே கட்டியிருப்பாய் என்று நினைத்துக்கொண்டேன். உன் முடிவுதான் நன்றாக இருந்தது. அவளைச் சாகவிட உனக்கு மனசு வரவில்லை என்று உன் மேல் எனக்கு ஆசை ஆசையாக வந்தது.

இரண்டாவது சிரிப்புப் படம். நீ சொன்னது அப்படியே இருந்தது, சட்டைப் பித்தான் உட்பட. ஆனால் வயலில் சிரித்த சிரிப்பில் பாதிகூட வரவில்லை. சிரிப்பு நடிகரைவிட நீ நன்றாக விழுந்து காட்டினாய்.

மூன்றாவது, பண்ணையாரை எதிர்த்துக்கொண்டு தலைமறைவாகப் போகிறவனின் கதை. பெயரை எழுதக் கை வரவில்லை. உனக்குத் தெரியும். நல்ல படம். அந்த அம்மா வேஷக்காரி என்னை அழவைத்துவிட்டாள். சண்டைதான் கொஞ்சம் நீளம். நான் ஆரம்பத்திலிருந்தே ஒருத்திக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். இடைவேளை போயிற்று. கதாநாயகன் மலைக்குகையில் ஒளிந்துகொண்டான். அப்போதும் அவளைக் காணோம். பொறுக்க முடியாமல், “தங்கச்சி எப்ப வரும்?” என்று கேட்டேன்.

“எந்தத் தங்கச்சி அண்ணி? இந்தப் படத்துல தங்கச்சியே கெடையாதே” என்றான் சேகர்.

நம்பவில்லை. கேசட்டில் வெட்டிவிட்டார்களா என்று கேட்டேன். பின்னால் ஓட்டி, முதலிலிருந்து போடச் சொன்னேன். அந்தப் பிள்ளை பொறுமையாகப் போட்டான். விடிகாலை நாலு மணி வரை கண்ணெடுக்காமல் பார்த்தேன். இல்லை, அக்கா. அவனுக்குத் தங்கச்சி இல்லை.

அந்த வருஷத்தைச் சொல்கிறேன். உனக்காக இல்லை, படிக்கிறவர்களுக்காக. குறுவை அறுப்பில் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு நம் ஆட்கள் களத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். முன்னால் நின்றவர் என் அண்ணன் கோவிந்தன். பக்கத்தில் உன் புருஷன், என் வாய்க்கு மாமா. பண்ணை வெளியாட்களை இறக்கியது. கைகலப்பு ஆனது. களத்து வைக்கோல் போர் எரிந்தது. யார் வைத்த நெருப்போ, வழக்கு என் அண்ணன் மேல் விழுந்தது. அவர் ஊரை விட்டுப் போய்விட்டார். நாகூரில் கடலுக்குப் போகிறவர் வீடு ஒன்று; அந்த வீட்டு அம்மாள் எங்கள் அப்பாவுக்குச் சிநேகிதம். அங்கே படகோடு படகாகக் கிடந்தார். அந்த இடம் தெரிந்தவர்கள் ஊரில் இரண்டே பேர், நானும் மாமாவும்.

போலீஸ் மாமாவைப் பிடித்துக்கொண்டு போனது. கோவிந்தன் கிடைத்தால்தான் விடுவோம் என்றார்கள். நாலு நாள். இரைப்புக்காரரை நாலு நாள் என்னென்ன செய்தார்களோ, அவர் வாய் திறக்கவில்லை. உன்னிடம்கூட அவர் இடத்தைச் சொல்லியிருக்கவில்லை. அது எனக்குத் தெரியும்.

அண்ணன் போனதிலிருந்தே நான் தாளடி நடவுக்குப் போகவில்லை. பயந்துபோய்க் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தேன். ஐந்தாம் நாள் பத்து மணி வாக்கில் நீ கஞ்சித் தூக்கோடு வந்தாய். நல்ல மழை. “போன வாரம் பாத்த படத்த ஒனக்குச் சொல்லலியே தங்கச்சி, வயல்ல எல்லாருக்கும் சொல்லிட்டேன்” என்றாய். எனக்கு ஒருத்திக்காக மட்டும் நீ படம் சொன்னது அன்றைக்குத்தான். எனக்கு அதில் பெருமை வேறு.

நீ எப்படிச் சொன்னாய்! ஒளிந்திருக்கிறவனுக்கு ஒரு தங்கச்சி. “பச்சைத் தாவணி போட்டிருப்பாடி, ஒன்னைய மாதிரியே ஒத்தச் சடை.” அண்ணனைக் கண்ட இடத்தில் சுட உத்தரவு ஆகிவிட்டது என்று அவளுக்குத் தெரியவரும். அவளே நடந்து போய் அதிகாரியிடம் இடத்தைச் சொல்லிவிடுவாள். அதிகாரி தொப்பியைக் கழற்றிவிட்டு அவளைக் கும்பிடுவார்.

“கோர்ட்டுல அவன் நிரபராதின்னு தீர்ப்பாயிடுது. மாலையோட வர்றான். தங்கச்சி, நீ சொல்லலன்னா என்னைப் பொணமாத்தான் பாத்திருப்பேன்னு கட்டிக்கிட்டு அழுவுறான்டி. கொட்டகையே அழுதுச்சு.”

நானும் அழுதேன். சினிமாவுக்கு வசனம் எழுதியவர்கள் கோட்டையில் உட்கார்ந்திருந்த காலம் அது. திரையில் சொன்னது எனக்கு அரசாங்க உத்தரவு மாதிரி இருந்தது. நீ தூக்கைக் கழுவிக்கொண்டு போன கையோடு நான் ஊர் மணியக்காரர் வீட்டுப் படியேறினேன். “எங்க அண்ணன் நாகூர்ல இருக்குங்க. அத ஒண்ணும் பண்ணாதீங்க, கோர்ட்டுல சொல்லிக்கும்” என்றேன். அவர் கும்பிடவில்லை. வெற்றிலையைத் துப்பிவிட்டு, “சரி, போ” என்றார்.

அண்ணனை மறுநாளே பிடித்தார்கள். இடம் தெரிந்துவிட்டதால் மாமாவை நான் சொன்ன அன்று சாயங்காலமே விட்டுவிட்டார்கள். அண்ணன் இரண்டு வருஷம் உள்ளே இருந்து வந்தபோது இடது முழங்கால் மடங்கவில்லை. இன்றைக்கும் மடங்காது. வயலில் இறங்கி நாற்றுக் கட்டு எடுத்து வீசியவர், திருக்காட்டுப்பள்ளியில் ஒரு கடை வாசலில் ஸ்டூலில் உட்கார்ந்து கதவு பார்க்கிறார்.

நான் என்ன செய்தேன் என்று உன்னிடம்தான் வந்து அழுதேன். நினைவிருக்கிறதா? என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “நீ ஒரு தப்பும் பண்ணல. இத யார்கிட்டயும் சொல்லாத, செத்தாலும் சொல்லாத” என்றாய். பதினெட்டு வருஷம் அதை அன்பு என்று நினைத்தேன், அக்கா. படத்தில் தங்கச்சிக்கு நடந்தது எனக்கு நடக்காமல் போனதற்கு என் தலையெழுத்துதான் காரணம் என்று நினைத்தேன். படத்தைச் சந்தேகப்படவே இல்லை.

குழந்தை அழுது நீ வெளியே போன நேரத்தில் என்ன நடந்ததென்று தெரியாமல் இந்தத் தங்கச்சியையும் கட்டிவிட்டாயோ என்று மனசைச் சமாதானம் பண்ணிப் பார்த்தேன். சுவரில் முட்டிக்கொள்ளாத குறையாக அதையே பிடித்துக்கொண்டேன். மறுநாள் ரேஷன் கடை வரிசையில் சின்னப்பொண்ணுவைப் பார்த்தேன். பேச்சோடு பேச்சாக அந்தப் படத்தைக் கேட்டேன். “அவன் மலையில போயி ஒளியுவானே, அம்மாக்காரி சோறு கொண்டு போவாளே, அதுதான? நல்லா நெனப்பிருக்கு. தங்கச்சியா? தங்கச்சின்னு யாரும் வரல்லியேடி. அஞ்சலையக்கா வயல்ல முழுசாச் சொல்லுச்சு” என்றாள். அரிசிப் பையை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வயலில் எல்லோருக்கும் சரியாகச் சொன்னாய். எனக்கு மட்டும் ஒரு தங்கச்சியைச் செய்து கஞ்சியோடு கொண்டுவந்தாய். அது கறுப்பு வெள்ளைப் படம், அக்கா. பச்சைத் தாவணியை நீ எங்கே பார்த்தாய்? என் கொடியில் காய்ந்துகொண்டிருந்ததைத்தானே பார்த்தாய்?

என்னிடம் நேராகக் கேட்டிருக்கலாமே. “என் புருஷன் செத்துருவாரு தங்கச்சி, ஒங்க அண்ணன் எங்கன்னு சொல்லு” என்று காலில் விழுந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? தெரியவில்லை. மாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பேன். அது உனக்குத் தெரிந்திருக்கிறது. அதனால்தான் கேட்கவில்லை. உன்னை நான் எவ்வளவு நம்பினேன் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்து, அதன்மேலேயே கையை வைத்தாய். பண்ணை செய்ததை என்னால் தாங்க முடிந்தது. அவர்கள் அப்படித்தான். நீ செய்ததுதான் தாங்கவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. அதை எழுதாவிட்டால் நானும் உன்னைப் போல ஆகிவிடுவேன். மாமா வெளியே வந்த மறுநாள் அண்ணன் பிடிபட்டதால், காட்டிக்கொடுத்தது மாமாதான் என்று ஊரே முடிவு கட்டியது. நாலு நாள் அடி தாங்கிய மனிதரைப் பார்த்துத் தெருவில் எச்சில் துப்பினார்கள். உன் மகள் கல்யாணத்துக்கு ஒரு குடும்பம்கூட வந்து வெற்றிலை பாக்கு எடுக்கவில்லை. அண்ணன் இன்றுவரை அவர் முகத்தைப் பார்ப்பதில்லை. உன் சாவுக்கு அந்தக் காலை இழுத்துக்கொண்டு தெருமுனை வரை வந்து, பாடையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு அப்படியே திரும்பிவிட்டார்.

பாக்கியம்தான் சொன்னாள் என்று நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மாமா தலை நிமிர்ந்திருப்பார். நீ சொல்லவில்லை. என்னைக் காப்பாற்றினாயா, இல்லை என்னைச் சொன்னால் உன் கஞ்சித் தூக்கும் சேர்ந்து வெளியே வரும் என்று பயந்தாயா? மாமா உன்னிடம் ஒரு நாளும் கேட்கவில்லையா? கேட்டபோது அவருக்கு என்ன கதை சொன்னாய்?

நானும் வாயைத் திறக்கவில்லை. நீதான் சொல்லாதே என்றாய் என்று இனிமேல் சொல்லிக்கொள்ள முடியாது. அவருக்கு இரண்டு வேளை சோறு அனுப்புகிறேனே, அது எதற்கு என்று ரசப் பாத்திரம் திரும்பி வந்தபோதுதான் எனக்கே உறைத்தது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்தக் கேசட்டை மறுபடியும் எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன். அண்ணன் வருகிறார். மாமாவும் வருகிறார், “என்ன படம்?” என்றார், “பழைய படம் மாமா, வாங்க” என்றேன். ஒருவர் வருவது மற்றவருக்குத் தெரியாது. அண்ணனுக்குக் கால் மடங்காது, அதனால் நாற்காலி போட்டிருக்கிறேன். மாமாவுக்குப் பக்கத்திலேயே இன்னொன்று. எழுந்து போனாலும் போவார்கள். வாசலில் நான் நிற்பேன்.

படம் முடிந்ததும் டிவியை அணைத்துவிட்டு நான் ஒரு கதை சொல்லப்போகிறேன். உன்னைப் போல எனக்குச் சொல்ல வராது. ஆனால் எதையும் சேர்க்கமாட்டேன், எதையும் விடமாட்டேன். மழையில் தூக்கோடு வந்தவளையும் சொல்வேன். மணியக்காரர் வீட்டுப் படியேறியவளையும் சொல்வேன். அதற்கப்புறம் அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல் போனாலும் சரி. இது உனக்கு நான் செய்து கொடுக்கும் சத்தியம்.

அந்தப் படத்தில் தங்கச்சி இல்லை, அக்கா. இந்தக் கதையில் இருக்கிறாள்.

நீ தங்கச்சி என்று கூப்பிட்டவள்,
கோவிந்தனுக்குக் கூடப் பிறந்தவள்,
பாக்கியம்