அளவு நோட்டை எடுத்துக் கொடுத்தது யார்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நான் நலம், அப்பாவும் நலம், என் கோபமும் நல்ல திடமாக இருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருங்கள். போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய், அதனால் எழுதுகிறேன்.

கண் ஆபரேஷன் முடிந்து தையல் கடையைத் திறந்து இரண்டு மாதம் ஆகிவிட்டது, ஊசியில் நூலை நானேதான் கோர்க்கிறேன், ஆனால் யாருக்குத் தைப்பது? யாருக்குத் தோள் இறக்கம், யாருக்கு ஒரு கை நீளம் என்று இருபத்தாறு வருஷமாக எழுதிவைத்த அளவு நோட்டு உன் சித்தியின் தையல் கடைக்குப் போய்விட்டது, தைக்கக் கொடுப்பவர்களும் பின்னாலேயே போய்விட்டார்கள். கண்ணில் கட்டோடு நான் படுத்திருந்தபோது அவள் எப்படி எடுத்தாள் என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். நீயோ ஒவ்வொரு போனிலும், சித்தியை மன்னித்துவிடம்மா, மனசில் வைத்திருந்தால் உனக்குத்தான் பிரஷர் ஏறும் என்றாய். பிரஷருக்கு என்னிடம் மாத்திரை இருக்கிறது. மிதிபட்டது என் கால், வலி எப்போது போனது என்று நான்தான் சொல்லவேண்டும். அப்பா வேறு, கூடப்பிறந்தவள்தானே, விட்டுத்தள்ளு என்கிறார். அவர் மூக்குக்கண்ணாடியை யாராவது இடம் மாற்றி வைத்தாலே வீடு இரண்டுபடும்.

செவ்வாய்க்கிழமை சித்தியே நோட்டோடு வந்து நின்றாள். நான் எடுக்கலக்கா, உன் பொண்ணுதான் லீவுக்கு வந்தப்ப கொண்டாந்து குடுத்தா, அம்மாவுக்கு இனிமே கண்ணு சரிவராது, நீங்களே பாத்துக்குங்கன்னா, யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னும் கேட்டுக்கிட்டா, ஆனா வாங்கினது என் தப்புதான் என்று சொல்லி அழுதாள். தன் தப்பை அவள் வாயால் சொன்னாள் பார், அதிலேயே பாதிக் கோபம் இறங்கிவிட்டது. மீதி இறங்கும்போது இறங்கட்டும், அவசரமில்லை.

ஆக, இத்தனை நாளும் சித்தி பேரைச் சொல்லி நீ கேட்டது உனக்கான மன்னிப்பு. அம்மா இனி ஓய்வாக இருக்கட்டும் என்று நல்லதை நினைத்துத்தான் செய்திருப்பாய். என்னை ஒரு வார்த்தை கேட்டாயா? கட்டு கண்ணில்தானே இருந்தது, வாயில் இல்லையே. பெற்றவள்தானே, தானாக மன்னித்துவிடுவாள் என்று மட்டும் இருந்துவிடாதே. அப்படிச் சும்மா மன்னித்தால் உன்னை நான் ஒரு ஆளாகவே மதிக்கவில்லை என்று அர்த்தம்.

ஒரு குறையும் இல்லாமல் இருவரும் நன்றாக இருங்கள். இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தாதே. ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் போன் பண்ணு, சாப்பிட்டாயா தூங்கினாயா எல்லாம் அப்புறம், முதலில் நீ செய்ததை உன் வாயால் சொல். சொன்ன பிறகு நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. போனை எடுப்பேன், அது நிச்சயம்.

உன்மேல் கோபமாக இருக்கும்
அம்மா