கவிநிலா நடக்கிற டிஸ்க்

திருவண்ணாமலை
2.3.2008

அன்புத் தம்பி பிரசாத்துக்கு, அக்கா சந்திரம்மாள் எழுதுவது.

இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று ஆரம்பித்து, அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன். பொய் எழுத வரவில்லை. உன் குழந்தை கவிநிலாவுக்குச் சளி விட்டதா? ஜப்பான் குளிர் குறைந்ததா? நீ போன் செய்து ஆறு மாதம் ஆகப்போகிறது. மாமா எடுத்துவிடுவாரோ என்றுதானே செய்வதில்லை? நல்ல ரோஷம்டா உனக்கு.

உங்கள் கம்பெனி எச்.டி. டி.வி.டி.யைக் கைவிட்டுவிட்டது என்று பேப்பரில் பார்த்தோம். உன் வேலைக்கு ஆபத்து ஒன்றும் இல்லையே? மாமா கடையில் அதற்குப் போட்டியான புளூ-ரே பிளேயரை வாங்க இன்னும் ஒரு ஆள் வரவில்லை. ஆனாலும் அவர் கட்சி ஜெயித்துவிட்டதாம், பக்கத்துக் கடைக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தார். ஒன்றின் டிஸ்க் மற்றதில் ஓடாது. இதற்காக மாமனும் மச்சானும் போனில் என்ன பேச்சுப் பேசினீர்கள்! அவர் பிளேயரை எடைக்குப் போடச் சொல்லி நீ சிரித்தது அவர் மனதில் அப்படியே தங்கிவிட்டது. உன் சிநேகிதன் அன்பரசனிடம் நீ உங்கள் பிளேயரைக் கொடுத்தனுப்பியபோது, அது நம் வாசற்படி ஏறக் கூடாது என்றார். கடையில் ஒன்றை விற்றுக்கொண்டு வீட்டில் இன்னொன்றை வைத்தால் ஊர் சிரிக்குமாம். அது வேங்கிக்காலில் அன்பரசன் வீட்டிலேயே கிடந்தது. கூட அனுப்பிய, கவிநிலா நடக்கிற டிஸ்க் மட்டும் அப்பாவின் தலையணைக்கு அடியில் இருந்தது.

சாதாரண டி.வி.டி.யில் போட்டு அனுப்பு என்று உன்னிடம் கெஞ்சினேன். அப்பாவுக்குக் கண் மங்குகிறது, இந்தப் படம்தான் அவருக்குப் பளிச்சென்று தெரியும் என்றாய். பாசத்தில்தான் சொன்னாய், இல்லை என்று சொல்லமாட்டேன். கொஞ்சம் திமிரும் இருந்தது.

சர்க்கரை நோய் அவர் கண்ணைக் கெடுத்துக்கொண்டிருந்தது உனக்குத் தெரியும். சீக்கிரம் பார்வை போய்விடும் என்று டாக்டர் சொன்னதும் தெரியும். குழந்தை நம் அம்மாவைப் போலவே இடது காலைக் கொஞ்சம் இழுத்து வைத்து நடக்கிறாள் என்று நீ சொன்ன நாளிலிருந்து, அந்த நடையை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்பதுதான் அவருக்கு ஆசை. அம்மா போன பிறகு அவர் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான். அன்பரசன் வீட்டுக்கு ஆட்டோவில் போய் வந்துவிடலாம் என்று எத்தனையோ தடவை கூப்பிட்டேன். "மாப்ள வூட்ல சோறு துன்னுட்டு, அவருக்கு ஆவாதத இன்னொருத்தர் வூட்ல போயி பாக்கறது முறை இல்லம்மா. அவரே கூப்பிடட்டும்" என்றார். மகள் வீட்டில் இருக்கிற தகப்பன், வேறு எப்படிப் பேசுவார்? மாமாவிடம் சண்டை போட்டேன், பேசாமல் இருந்தேன். மனுஷன் அசையவே இல்லை.

தீபத்தன்று எல்லோரும் மாடியில் நின்றோம். மலைமேல் தீபம் ஏறியதும் தெருவே அரோகரா என்றது. அப்பாவும் கைகூப்பினார், மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. தோளைப் பிடித்து மெதுவாக மலைப் பக்கம் திருப்பிவிட்டேன். "மாப்ளைக்குத் தெரிய வேணாம். அவராலதான்னு ஆயிடும். தம்பிக்கும் எழுதாத" என்றார். அதனால்தான் இவ்வளவு நாள் எழுதவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மாமாவே வேங்கிக்காலுக்குப் போய் உன் பிளேயரைக் கொண்டுவந்தார். ஜெயித்த பிறகு மனசு தாராளமாகிவிட்டது போலிருக்கிறது. அப்பாவை டி.வி.க்கு எதிரே உட்காரவைத்து டிஸ்கைப் போட்டார். அழகாக இருக்கட்டும் என்று நீ படம் முழுக்க வீணை வாசிப்பைச் சேர்த்திருக்கிறாய். குழந்தையின் சத்தம் துளிகூட இல்லை. திரையில் பனியும் மரமும் வந்துகொண்டிருந்தன, கவிநிலா இன்னும் வரவில்லை. அப்பா முகமெல்லாம் சிரிப்பாக, "நல்லா நடக்கறா மாப்ள. அப்படியே அவ ஆயா" என்றார்.

மாமா என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ரிமோட்டை வைத்துவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார். அன்றிலிருந்து அப்பாவுக்குச் சோறு பிசைந்து கையில் கொடுப்பது அவர்தான்.

யாரைத் திட்டுவது என்று தெரியாமல் உன்னைத் திட்டி எழுதிவிட்டேன். பொறுத்துக்கொள்.

இந்தப் பார்சலில் குழந்தைக்கு ஒரு ஜோடி வெள்ளிக் கொலுசு வைத்திருக்கிறேன். அதைப் போட்டுவிட்டுப் போன் செய். மாமா எடுத்தால் எடுக்கட்டும். அவரோடும் பேச வேண்டாம், என்னோடும் பேச வேண்டாம். போனைத் தரையில் வைத்துவிட்டு, அவளை அங்கேயும் இங்கேயும் நடக்கச் சொல். இழுத்து வைக்கிற கால் எது என்று அப்பா கேட்டே தெரிந்துகொள்வார்.

அண்ணாமலையார் உன் குழந்தையின் காலுக்கும் கண்ணுக்கும் துணையாக இருக்கட்டும்.

உன் அக்கா,
சந்திரம்மாள்