இரண்டு பல்தேயானுக்களின் தலை ஸ்கேன் படங்கள் மாறிப்போனது குறித்து

அனுப்புநர்:
சோரின் பல்தேயானு,
முன்னாள் குத்துச்சண்டை வீரர்,
கப்பல் பட்டறைக் குடியிருப்பு, பிரயிலா.

பெறுநர்:
உயர்திரு தலைவர் அவர்கள்,
குத்துச்சண்டை உரிம மருத்துவக் குழு,
புக்கரெஸ்ட்.

பொருள்: 2009-ஆம் ஆண்டு ஸ்கேன் படங்கள் மாறியதை ஒப்புக்கொண்டு, காலஞ்சென்ற சில்வியு பல்தேயானு மீதான பழியை நீக்கக் கோருதல் – நான்காம் மனு.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் பதினான்கு போட்டிகளில் ஆடிப் பதினான்கிலும் வென்றவன். எங்கள் மன்றத்திலேயே பயின்ற சில்வியு ஒன்பதில் ஒன்பதும் வென்றவர். இருவருக்கும் ஒரே குடும்பப் பெயர், 'எஸ்' என்ற ஒரே முதலெழுத்து. ஆனால் உறவு கிடையாது. அவர் என்னைவிட இரண்டு வயது இளையவர்.

2. 2009 செப்டம்பரில் ஆண்டு மருத்துவச் சோதனைக்கு, தலையை ஸ்கேன் எடுக்க, இருவரும் ஒரே ரயிலில் புக்கரெஸ்ட் வந்தோம். வழி நெடுக சூரியகாந்தி விதை கொறித்தபடி அவர் கேலி பேசிக்கொண்டே வந்தார். "அண்ணே, நம்மள்ல எவன் தோத்தாலும் ஊர்ல 'பல்தேயானு தோத்துட்டான்'னுதான் சொல்வானுங்க. என் மானம் உன் கையில, பாத்துக்க" என்றார்.

3. மூன்று வாரம் கழித்து என்னை மட்டும் தங்கள் அலுவலகத்துக்கு அழைத்தார்கள். மூளையில் இரத்தக்குழாய் வீங்கியிருப்பதாகச் சொல்லி உரிமத்தை நிரந்தரமாக ரத்து செய்தார்கள். எனக்கு ஒருநாளும் தலை வலித்ததில்லை என்று மன்றாடினேன். அன்றைய மருத்துவர், "இன்னும் ஒரே ஒரு அடி, அவ்வளவுதான் தம்பி. உசுரு இருக்குல்ல, போய் வேற வேலையப் பாரு" என்றார். 2010 பிப்ரவரியில் நான் ஆடவேண்டிய தேசியப் பட்டப் போட்டி சில்வியுவுக்குக் கிடைத்தது. அவர் நலமாக இருப்பதாகத் தங்கள் குழு சான்று கொடுத்திருந்தது.

4. அந்தப் போட்டியில் சில்வியு வென்றார். நடுவர் அவர் கையைத் தூக்கியதை, மேடையில் அவர் பக்க மூலையில் உதவியாளனாக நின்று நான் பார்த்தேன். உடைமாற்றும் அறையில் வாந்தி எடுத்தார், என் தோளில் சாய்ந்தார், பிறகு கண் விழிக்கவில்லை. நான்காம் நாள் இறந்தார். அவரும் தோல்வி காணாமலே போனார். அவர் மனைவி வியோரிகாவுக்குத் தங்கள் குழு எழுதிய கடிதத்தில், "வீரர் தமக்கிருந்த நோய் அறிகுறிகளை மறைத்துவிட்டார்" என்று இருந்தது.

5. அதன்பின் பதினோரு ஆண்டுகள் நான் சாகப்போகிறவனாகவே வாழ்ந்தேன். தும்மவும் பயந்தேன். என் மகளை ஒருமுறைகூடத் தோளில் தூக்கியதில்லை. சென்ற ஆண்டு பட்டறை ஏணியிலிருந்து விழுந்தபோது இங்குள்ள மருத்துவமனையில் படம் எடுத்தார்கள். வீக்கத்தைப் பற்றிச் சொன்னேன். அங்கிருந்த பெண் மருத்துவர் நெடுநேரம் படத்தைப் பார்த்துவிட்டு, "எந்த வீக்கம்? இங்க ஒண்ணுமே இல்லீங்களே. அது தானா மறையற சமாசாரமும் இல்ல" என்றார்.

6. தங்கள் அலுவலகத்தில் விண்ணப்பித்து என் பழைய மருத்துவக் கோப்பின் நகலைப் பெற்றேன். அதிலிருந்த படத்தின் மூலையில் சிறிய எழுத்தில் பிறந்த ஆண்டு 1985 என்றிருக்கிறது. நான் பிறந்தது 1983. 1985 சில்வியுவின் ஆண்டு. நகல் இணைத்துள்ளேன். இதைச் சுட்டி மூன்று மனுக்கள் அனுப்பினேன். முதல் இரண்டுக்கும் கோப்பு முடிக்கப்பட்டதாகப் பதில் வந்தது. மூன்றாவதற்கு, "தாங்கள் உயிருடன் இருப்பதால் தங்களுக்குப் பாதிப்பு ஏதுமில்லை" என்று எழுதியிருந்தார்கள்.

7. ஐயா, எனக்குப் பாதிப்பு உண்டா இல்லையா என்று வாதாட வரவில்லை. முப்பத்தொன்பது வயதில் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்தாலும் அதை வைத்து நான் என்ன செய்வது? ஆனால் வியோரிகா சென்ற ஈஸ்டரன்று கல்லறையில் என்னிடம் சொன்னார்: "எங்கிட்டயே மறைச்சுட்டானேண்ணே. அவன் போட்டோவப் பாத்து இன்னிக்கும் சண்டைதான் போட்டுட்டு இருக்கேன்." கையிலிருந்த மெழுகுவர்த்தியை அவசரமாக நட்டுவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

8. நான் அப்படிக் கிளம்பிவந்த காரணத்தையும் இங்கே எழுதிவிடுகிறேன். இதை முந்தைய மனுக்களில் எழுதவில்லை. சில்வியு எதையும் மறைக்கவில்லை. போட்டிக்குப் பத்து நாள் முன்பு, "தலை பொளக்குது அண்ணே, டாக்டரப் பாக்கட்டுமா?" என்று என்னிடம் கேட்டார். அவரைத் தயார் செய்துகொண்டிருந்தவன் நான். "எடை குறைக்கறப்ப எல்லாருக்கும் வலிக்கும்டா. சான்றுதான் சுத்தமா இருக்கே, பேசாம இன்னும் ரெண்டு ரவுண்டு ஓடு" என்றேன். தங்கள் சான்றை நம்பித்தான் சொன்னேன். எனக்குக் கிடைக்காத பட்டம் எங்கள் பெயருக்காவது கிடைக்கட்டும் என்ற ஆசையும் அதில் இருந்தது. அவர் ஓடினார்.

9. ஆகவே தவறிழைத்தவர்கள் யார் யார் என்று எழுதும்போது என் பெயரையும் சேர்த்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். எனக்குத் தண்டனை உண்டென்றால் ஏற்கிறேன். அவர் பெயருக்கு எதிரே உள்ள "மறைத்தார்" என்ற சொல்லை மட்டும் அடித்துவிடுங்கள்.

10. இதை வியோரிகாவுக்குத் தெரிவிக்கும்போது தபாலில் அனுப்ப வேண்டாம். தங்கள் முத்திரை உள்ள உறையை அவர் பிரிப்பதில்லை, அப்படியே அடுப்பில் போட்டுவிடுகிறார். யாராவது ஒருவர் நேரில் வந்து வாயால் சொல்லுங்கள். பிரயிலா நிலையத்தில் நான் காத்திருந்து அழைத்துப் போகிறேன். வீட்டு வாசல் வரைதான் என்னால் வர இயலும்.

இடம்: பிரயிலா
நாள்: 14.11.2022

தங்கள் பதிலை எதிர்பார்க்கும் தெம்பு இல்லாவிட்டாலும் எழுதாமல் இருக்க முடியாத,
(ஒப்பம்) சோரின் பல்தேயானு

இணைப்பு: ஸ்கேன் படங்களின் நகல் – 2 (2009, 2021)