இரண்டு சொட்டுத் தண்ணீர்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா? அப்பா மாத்திரை போடுகிறாரா, போட்டதாகச் சொல்கிறாரா?

என்னைக் கல்லூரி வேலையில் நிரந்தரமாக்கலாமா என்று பார்க்க, துறைத்தலைவர் நேற்று என் இயற்பியல் வகுப்பின் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். ஒரு மீட்டர் இடைவெளியில் இருக்கும் இரண்டு சொட்டுத் தண்ணீருக்கு இடையே எவ்வளவு மின்விசை என்பதுதான் கணக்கு. பதற்றத்தில் எலெக்ட்ரான்களை மட்டும் சேர்த்து, புரோட்டான்களை விட்டுவிட்டேன். மலையைத் தூக்கி எறியும் அளவுக்கு விடை வந்தது.

“சார், அப்ப காலையில பெய்ஞ்ச மழையில நாம எப்படித் தப்பிச்சோம்?” என்றாள் ஒரு மாணவி.

வகுப்பே சிரித்தது. புரோட்டான்களையும் சேர்த்தேன். விடை பூஜ்யம். என் கை கரும்பலகையிலேயே நின்றுவிட்டது. அந்தப் பூஜ்யத்துக்குள் ஒரு மலையைத் தள்ளும் விசையும், அதே அளவு இழுக்கும் விசையும் சத்தமில்லாமல் இருக்கின்றன, அம்மா. அதைத்தான் நாம் டம்ளரில் ஊற்றிக் குடிக்கிறோம்.

“புரோட்டானை வேணும்னேதானே விட்டீங்க? பிரமாதம்!” என்றார் தலைவர். நானும் அடக்கமாகத் தலையாட்டினேன். வேலை நிரந்தரமாகிவிட்டது.

என் பழைய போர்வையை அனுப்பி வை. இங்கே கிடைப்பவையெல்லாம் புதிதாக இருக்கின்றன.

வகுப்புக்கு மணி அடித்துவிட்டது. போனில் ‘ஒண்ணுமில்லப்பா, சும்மாதான் கூப்பிட்டேன்’ என்பாயே, அந்த ஒன்றுமில்லையை இனி நான் நம்ப மாட்டேன். இருந்தாலும் கூப்பிடு.

உன் மகன்