குடலாகிப் போன செல்

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். மூட்டுவலி குறைந்ததா? நான் நலம், அதிர்ச்சிதான் இன்னும் அடங்கவில்லை.

புழுவின் கருவில் முட்டையும் விந்தும் தரவேண்டிய செல் வேறு உறுப்பாக மாறிவிடாமல் அதன் மரபணுக்களை ஒரு புரதம் அடக்கி வைக்கிறது. அந்தப் புரதத்தை நீக்கிப் பார்த்தேன். செல் குடலாகிவிட்டது.

"நடக்கவே நடக்காதுய்யா" என்று வருடக்கணக்காக என் யோசனையைக் கிண்டலடித்த ஆய்வகத் தலைவர் நுண்ணோக்கியில் குனிந்து பார்த்தார். வழக்கம்போலத் தன் பெயரை முதலில் போட்டுக்கொள்வார் என்று நாலு வசவுகளைத் தயாராக வைத்திருந்தேன்.

"நான்தான் தப்பா நெனச்சுட்டேன். கட்டுரையில உங்க பேரு முதல்ல வரட்டும்" என்றார்.

யாரைத் திட்டுவதென்று தெரியாமல் அறையில் தனியே உட்கார்ந்திருக்கிறேன்.

என் பழைய மூக்குக்கண்ணாடியை அனுப்புங்கள். என்னைப் 'புழு டாக்டர்' என்று கேலி செய்யும் தம்பியிடமும் இதைச் சொல்லுங்கள். அவன் முகம் போன போக்கை விவரமாக எழுதுங்கள். இங்கே சேர்ந்து சிரிக்க ஆளில்லை.

அவசரத்துடன்,
உங்கள் மூத்தவன்