எலியில் ஒளிர்ந்த சாயம்

விவேக் நகர், பெங்களூரு
மார்ச் 6

அன்புள்ள அக்காவுக்கு,

ஜெய்பீம். போனில் பேசினால் உன் மாமியார் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துவிடுகிறார் என்றாயே, அதனால் பேனாவை எடுத்திருக்கிறேன். லேபில் நான் செய்த சாயம் வேலை செய்துவிட்டது. எலிக்கு ஊசி போட்டு விளக்கைக் காட்டினால் புற்றுக்கட்டி மட்டும் பச்சையாக ஒளிர்கிறது, சுற்றியுள்ள நல்ல சதை இருட்டாகவே இருக்கிறது. கட்டி எங்கே முடிகிறது என்று சர்ஜனுக்குக் கண்ணாலேயே தெரிந்துவிடும். இனி யாருக்கும் மார்பை முழுதாக எடுக்க வேண்டியிருக்காது. உன் தங்கை பெரிய ஆளாகிவிட்டாள், தெருவில் சொல்லிக்கொள்.

உன் உதயா

சாம்பியன் ரீஃப், கே.ஜி.எஃப்.
மார்ச் 15

என் செல்ல உதயாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததில் அடுப்பில் பருப்பு அடிப்பிடித்துவிட்டது, அதற்கும் நீதான் பொறுப்பு. வியாழக்கிழமைகளில் உன் பேட்டை சர்ச்சுக்கு வரும் கூட்டத்தில் பஸ் கிடைக்காமல் நடக்கிறாயாமே, இருட்டுமுன் அறைக்குப் போய்விடு.

ஒரு விஷயம். எனக்குத் தெரிந்த ஒருத்திக்கு மார்பில் கட்டி. உடனே மார்பையே எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். புருஷன் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று அழுகிறாள். உன் சாயம் எப்போது ஆஸ்பத்திரிக்கு வரும்? அதுவரை அவள் பொறுத்திருக்கலாமா? போனில் கேட்காதே, மறக்காமல் எழுது.

உன் அக்கா,
சங்கமித்ரா

விவேக் நகர்
ஆகஸ்ட் 2

அன்பு அக்கா,

கோபமா? உன் கடிதம் வந்தபோது ஆய்வுக் கட்டுரையில் மூழ்கியிருந்தேன். நாளை எழுதலாம், நாளை எழுதலாம் என்று மறந்தே போனேன். இன்று மேசையை ஒழிக்கும்போதுதான் கண்ணில் பட்டது. அந்த அம்மாவை ஒரு நாள்கூடப் பொறுக்கச் சொல்லாதே. சாயம் இன்னும் எலியைத் தாண்டவில்லை. மனிதர்களுக்கு வரப் பல வருஷம் ஆகும், வராமலே போனாலும் போகும். இதற்குள் அவருக்கு ஆபரேஷன் ஆகியிருக்குமே? யார் அவர்?

உன் உதயா

சாம்பியன் ரீஃப்
ஆகஸ்ட் 9

உதயா,

அந்த ஒருத்தி நான்தான்.

நீ பதில் எழுதாததால், வேலை நடக்கிறது, சாயம் தயாரானதும் நீயே சொல்வாய் என்று நினைத்துக்கொண்டேன். போன வாரம் கையைத் தூக்க முடியாமல் போனதும் உன் மாமாவிடம் சொன்னேன். ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு எலும்புக்குப் பரவிவிட்டது, இனி வெட்டிப் பயனில்லை என்றுவிட்டார்கள். உன்மேல் கோபமில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கை வரவில்லை. கோபம் இருக்கிறது.

அடுத்த வீட்டு மலருக்கும் மார்பில் கட்டி. என் தங்கை சாயம் செய்கிறாள், அவசரப்படாதே என்று அவளிடம் நான்தான் சொல்லிவைத்தேன். என்னை ஆஸ்பத்திரியில் கைவிட்டதைப் பார்த்த பிறகு ஆஸ்பத்திரி என்றாலே பயம் கூடிவிட்டது அவளுக்கு. ஆபரேஷனுக்குப் போ என்றால், "உங்க தங்கச்சி மருந்து வரட்டும்க்கா, எனக்கு முழுசா எடுக்க வேணாம்" என்கிறாள். வராது என்று உன் வாயால் கேட்டால்தான் நம்புவாள்.

திங்கட்கிழமை முதல் ரயிலில் வா. நேராக அவள் வீட்டுக்குப் போ. அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, நேரமிருந்தால் இங்கே வா.

சங்கமித்ரா