ஸ்டாப் பட்டனை மாற்றியது நான்தான்

ஜூன் 9, 2025, திங்கள்

பதினாறு வருஷம் ஜாவா எழுதிய என்னை இன்று ஒரு அட்டைப்பெட்டி ஒட்டும் மெஷின் கேவலப்படுத்தியது. அதன் கன்ட்ரோலருக்கு நான் புரோகிராம் எழுத வேண்டும். வரிகளாக இல்லை, படமாக. லேடர், அதாவது ஏணி என்று பெயர். இரண்டு பக்கமும் கம்பம், நடுவே படிப்படியாகக் கோடு. பள்ளிக்கூடப் பிள்ளை வரைந்த மாதிரி இருக்கிறது.

சென்னைக் கம்பெனி என்னை வேலையை விட்டு அனுப்பி எட்டு மாதம் ஆகிறது. கும்மிடிப்பூண்டியில் இந்த வேலை கிடைத்ததே பெரிய விஷயம். மூன்று மாதம் புரொபேஷன். வேலை நிரந்தரமாகவில்லை என்றால் நாற்பத்தொரு வயதில் மறுபடியும் இன்டர்வியூ. என்னால் முடியாது.

ஜூன் 19, வியாழன்

'பெட்டி வரும்வரை காத்திரு, வந்ததும் பசை போடு' என்று எழுதினேன். இதில் என்ன தப்பு? கன்ட்ரோலர் காத்திருந்தது - அதை மட்டுமே செய்தது. பெல்ட்டை மறந்து, ஹீட்டரை மறந்து, சிவப்பு விளக்கு எரிந்து மொத்தமும் நின்றது. நான்கு தடவை.

எலக்ட்ரீஷியன் துலுக்காணம் திரையை எட்டிப் பார்த்தார். "இன்னா மேடம், அது ஒண்ணையே பாத்துக்கினு நின்னா மத்ததை யாரு பாக்கறது? எல்லாப் படியிலயும் ஒரே நேரத்துல கரண்ட்டு போவுதுன்னு நெனச்சிக்கினு பாருங்க."

ஐடிஐ படித்தவர். ஒரு வரி கோட் எழுதியதில்லை. எரிச்சலாக வந்தது. சொன்னது சரி என்பதால் இன்னும் எரிச்சல்.

ஜூன் 20, வெள்ளி

ஒன்றையே திரும்பத் திரும்பப் பார்த்துக் காத்திருக்கும் லூப்பை எல்லாம் அழித்தேன். கையைக் கட்டிப்போட்ட மாதிரி இருக்கிறது.

ஜூலை 15, செவ்வாய்

ஸ்டாப் பட்டன் சும்மா இருக்கும்போது அதிலிருந்து 1 வருகிறது, அதாவது கரண்ட் வருகிறது. அழுத்தினால் 0. யார் இப்படித் தலைகீழாகக் கட்டியது? படிக்கும்போதெல்லாம் குழம்புகிறேன்.

துலுக்காணம் தன் அக்கா மகள் சடங்குக்குப் பழவேற்காடு போயிருக்கிறார், இரண்டு நாள் லீவு. கான்ட்ராக்ட் ஆளை வைத்து ஒயரிங்கை மாற்றினேன், புரோகிராமையும் மாற்றினேன். இப்போது அழுத்தினால் 1. அழுத்திப் பார்த்தேன், நின்றது. ஒரு படியாவது என் மூளைக்கு ஏற்றபடி இருக்கட்டும்.

ஜூலை 31, வியாழன்

எழுத வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

அட்டை சிக்கியது. துலுக்காணம் ஸ்டாப்பை அழுத்திவிட்டு, பழக்கத்தில் கையை உள்ளே விட்டார். பெல்ட் நிற்கவில்லை. க்ளவுஸ் ரோலருக்குள் போனது, கையை எப்படியோ உருவிக்கொண்டார். ஒரு நகம் போச்சு. விரல்கள் இருக்கின்றன.

மெஷின் அதிர்வில் பட்டனின் ஒயர் கழன்றிருந்தது. அழுத்தியும் 1 வரவில்லை. யாரும் அழுத்தவே இல்லை என்று நினைத்து என் புரோகிராம் அது பாட்டுக்கு ஓடியது.

கையில் துணியைச் சுற்றிக்கொண்டு பேனலைத் திறந்து பார்த்தார். கத்தவில்லை. "ஒயரு கயண்டா மெஷினு தானா நிக்கணும் மேடம். அதுக்குத்தான் சும்மா இருக்கசொல்ல கரண்ட்டு வர்ற மாதிரி கட்டி வெச்சிருந்தேன்."

பதினாறு வருஷத்தில் ஒயர் கழலும் என்று ஒரு நாளாவது நினைத்தேனா? அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே - ரெண்டு நாள் பொறுக்கக் கூடாதா? சே, என்ன திமிரு எனக்கு.

ஆகஸ்ட் 1, வெள்ளி

காலையில் பட்டன் ஒயரிங்கைப் பழையபடி மாற்றியாயிற்று. மேனேஜர் ரிப்போர்ட் கேட்டார். "ஒயர் லூஸ்னு போடுங்க, போதும்" என்றார். அது பொய்யும் இல்லை. பட்டனை மாற்றியது நான்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

புரொபேஷன் இன்னும் மூன்று மாதம் நீட்டிப்பு. ரயிலில் அழுதேன்.

செப்டம்பர் 18, வியாழன்

முழுப் புரோகிராமையும் மறுபடி வரைந்து முடித்தேன். ஒவ்வொரு படியிலும், இந்த ஒயர் கழன்றால் என்ன ஆகும் என்றுதான் முதலில் யோசித்தேன். காலையில் நானும் துலுக்காணமும் மெஷினை ஓடவிட்டு ஒவ்வொரு ஒயராகக் கழற்றினோம். ஒவ்வொரு முறையும் நின்றது.

மத்தியானம் அட்டை சிக்கியது. அவர் ஸ்டாப்பை அழுத்தினார். பெல்ட் நின்றது. கையை உள்ளே விடப் போனார். "இருங்க" என்று ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்தேன்.

"இன்னா மேடம், உங்க புரோகிராம் மேல உங்களுக்கே நம்பிக்கை இல்லியா?"

"இல்ல" என்றேன்.